குதிரைக் காலில் பொங்கிய சதை

பக்கத்து வீட்டுக்காரர் கல்யாண ஊர்வலங்களுக்குக் குதிரை விடுகிறவர். அவரிடம் இருப்பது ஒரே ஒரு வெள்ளைப் பெண்குதிரை. வாழைத்தோட்டத்து முள்கம்பியில் அது பின்னங்காலைக் கிழித்துக்கொண்டு வந்தபோது, முதலில் என்னைத்தான் கூப்பிட்டார். சதுரங்கத்தில் குதிரையைச் சீக்கிரமே பறிகொடுப்பவன் என்பதைத் தவிர எனக்கு அந்த இனத்தோடு தொடர்பில்லை. ஆனால் வீட்டில் நிறையப் புத்தகங்கள் இருக்கின்றன. பார்ப்பவர்கள் ஏமாந்துபோகிறார்கள்.

எங்கள் பக்கத்தில் எந்தப் புண்ணுக்கும் தேங்காயெண்ணெயில் மஞ்சள் குழைப்பதுதான். குழைத்தேன், தினமும் தடவினேன். மூன்றாவது வாரம் புண்ணுக்குள்ளிருந்து சிவப்பாகச் சதை எழும்பியது.

"சாரே, சதை பிடிச்சாச்சு பாத்தியளா!"

அடக்கமாகச் சிரித்தேன். பழக்கமில்லாததால் கொஞ்சம் கோணலாக வந்திருக்கும்.

சதை நிற்கவில்லை. கொய்யாப்பழ அளவுக்கு வந்துவிட்டது. குதிரை அந்தக் காலை ஊன்றாமல் குளம்பு நுனியிலேயே நின்றது.

"காலு போச்சுன்னா இவ நிக்கது எப்படி, கெடக்கது எப்படி?" என்று கேட்டவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

கால்நடை மருத்துவரம்மாவை அழைத்து வந்தோம். குனிந்து பார்த்தவர், "இதுல எண்ணெய் போட்ட மகான் யாரு?" என்றார்.

"நல்லா படிச்ச ஆளுதான் டாக்டரே," என்று பக்கத்து வீட்டுக்காரர் என்னைக் காட்டிக்கொடுத்தார்.

"குதிரைக்கு முட்டுக்குக் கீழ சதை இப்படித்தான் பொங்கும், சாரே. அதுக்குமேல தோல் ஏறாது. வெட்டணும்."

கத்தியை எடுத்தார். மரத்துப்போக ஊசி போடவில்லை. ஏன் என்று கேட்டேன்.

"இந்தச் சதையில நரம்பு கெடையாது. வலிக்காது."

நம்பாமல் கண்ணை மூடிக்கொண்டேன். திறந்தபோது குளம்பெல்லாம் இரத்தம். குதிரை புல் மென்றுகொண்டிருந்தது. சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றவன் நான்தான்.

பிறகு இறுக்கமான கட்டு. ஒருநாள் விட்டு ஒருநாள் அவிழ்த்து, கொதித்து ஆறிய உப்புத்தண்ணீர் ஊற்றுவது என் வேலை. எண்ணெய்ப் புட்டியைத் தொட எனக்கு அனுமதியில்லை. ஒவ்வொரு முறையும் புண்ணின் விளிம்பிலிருந்து வெளிர் ரோஜா நிறத்தில் தோல் ஒரு நூலளவு உள்ளே நகர்ந்திருக்கும். யாரும் இழுக்கவில்லை, யாரும் தைக்கவில்லை. நான்கு பக்கத்திலிருந்தும் நடுவை நோக்கி அது பாட்டுக்கு வந்துகொண்டிருந்தது. மூச்சை அடக்கிக்கொண்டு பார்ப்பேன்.

கடைசிக் கட்டை அவிழ்த்த அன்று குதிரை அந்தக் காலை மெதுவாக மண்ணில் வைத்தது. முழுக் குளம்பும் பதிந்தது. பிறகு உடம்பின் பாரத்தையெல்லாம் அதன்மேல் இறக்கிவிட்டு, நல்ல காலை மடக்கி ஓய்வு கொடுத்தது.

"ஏட்டி..." என்று குதிரையின் கழுத்தைத் தட்டிக்கொடுத்தார் பக்கத்து வீட்டுக்காரர். நான் உப்புத்தண்ணீர்ப் பாத்திரத்தைக் கழுவிக் கவிழ்த்து வைத்தேன்.