டிரெய்லருக்கு அந்தப்புறம்

நாகலாபுரத்தில் ஓர் உளுந்துக் காட்டுக்கு மருந்து தெளிக்க, எங்கள் மகளிர் குழுவின் ட்ரோனோடு போயிருந்தோம். ஓட்டுவது நான், டேங்கில் மருந்து நிரப்புவது குழுவிலுள்ள அக்கா. வீட்டில் பார்த்துக்கொள்ள ஆளில்லாததால் என் கைக்குழந்தையும் கூட வந்தாள். மருந்து கலக்கத் தண்ணீர் டிரம்களோடு நின்ற டிராக்டர் டிரெய்லருக்கு அடியில் தூளி கட்டி அவளைப் படுக்கவைத்தேன். இறக்கையின் காற்றும் புழுதியும் அவள்மேல் படக்கூடாதென்று, ட்ரோன் இறங்கும் தார்ப்பாயை டிரெய்லருக்கு அந்தப்புறம் விரிக்கச் சொன்னேன். தூளியருகே நின்று, ரிமோட் திரையைப் பார்த்தே இறக்கிவிடலாம் என்பது என் கணக்கு.

முதல் டேங்க் தெளிப்பு நன்றாகத்தான் போயிற்று. அடுத்த டேங்க் நிரப்ப இறக்கும்போது திரை கறுத்தது. பதறி மேலே ஏற்றினேன், படம் வந்தது. மறுபடி இறக்கினேன், போயிற்று. அருகில்தான் முள்வேலி. ட்ரோன் உடைந்தால் குழுவுக்கு என்ன பதில் சொல்வேன்? ஆன்டெனாவைத் திருகினேன். பயிற்சியில் எதையோ கவனிக்காமல் விட்டுவிட்டேனோ என்று மனம் அரித்தது.

"என்ன தாயி, படத்துக்கு இடைவேளையா?" என்றார் காட்டுக்காரர். "இது சரிப்படலன்னா சொல்லிருங்க. மிச்சத்துக்கு ஸ்ப்ரேயர் ஆளுகளக் கூப்பிடுதேன்."

"கொஞ்சம் பொறுங்க அண்ணாச்சி."

அவர் ஆள் கூப்பிட்டால் அதோடு இந்த ஊரில் எங்களை யாரும் அழைக்க மாட்டார்கள். மூன்றாம் முறை அவசரப்படாமல் இறக்கினேன். இந்தத் தடவை திரையைப் பார்க்காமல் ட்ரோனையே பார்த்தேன். டிரம்களுக்குப் பின்னால் அது மறைந்தது. அதே நொடியில் படமும் போனது. கோளாறு ட்ரோனில் இல்லை. நடுவே நின்று சிக்னலை மறித்த இரும்பிலும் தண்ணீரிலும் இருந்தது. மகளுக்காக நானே தேடிக்கொண்ட மறைவு.

மேலே ஏற்றி நிறுத்திவிட்டுத் தூளியைப் பார்த்தேன். அந்தப்புறம் போய் நின்றால் இவள் கண்ணில் படமாட்டாள்.

"ஏட்டி, நீ அங்கன போ. பிள்ளைய நான் ஆட்டுதேன்," என்றார் அக்கா. "அவ உன்னத் தேடல. நீதான் அவளத் தேடுத."

டிரெய்லரைச் சுற்றி வெயிலுக்கு வந்து, தார்ப்பாய் நேராகத் தெரியும்படி வரப்பில் ஏறி நின்றேன். ட்ரோன் இறங்கியது. திரையில் தார்ப்பாய் பெரிதாகிக்கொண்டே வந்தது. அதன் ஓட்டைகூடத் தெரிந்தது. கடைசிவரை படம் போகவில்லை. நான்கு கால்களும் பாயில் பதிந்தன.

"சரி, டேங்க ரொப்புங்க," என்றார் காட்டுக்காரர். "சாயங்காலம் எந்தம்பி காட்டுக்கும் வருதீங்களா?"

"வாரோம் அண்ணாச்சி," என்றேன். அக்காவைக் கேட்கக்கூட இல்லை.