தங்கச்சிக்குக் கேட்காத பீப்

எங்கள் கம்பெனியில் புது மெஷின் எது வந்தாலும் முதலில் பூஜைதான். ஒரகடத்தில் கார் கம்பெனிகளுக்கு ரப்பர் சாமான் செய்து கொடுக்கும் சின்ன யூனிட். ஃபோர்க்லிஃப்ட் வந்தாலும் பூஜை, டேபிள் ஃபேன் வந்தாலும் பூஜை. ஒயர் இல்லாத அந்த ஸ்கேனர் வந்தபோதும் முதலாளியே இறங்கி வந்தார். அதை ஸ்டாண்டில் நிற்கவைத்து, சந்தனம் குழைத்துத் தலையில் அப்பி, நடுவில் குங்குமம் வைத்து, கற்பூரம் காட்டினார். நாங்களும் கன்னத்தில் போட்டுக்கொண்டோம். பார்த்தால் தலைமுடி காயவைக்கிற மெஷின் மாதிரி இருந்தது. இதற்குப் போய் இவ்வளவு மரியாதையா என்று நினைத்தேன். என் தங்கச்சியின் வேலைக்கு வேட்டு வைக்கத்தான் அது வந்திருக்கிறது என்று அப்போது எனக்குத் தெரியாது.

என் தங்கச்சிக்குப் பிறந்ததிலிருந்தே காது கேட்காது, பேச்சும் வராது. கையால் பேசுவாள். போனில் தமிழில் டைப் அடிப்பாள். எதிரில் நிற்கிறவர் உதட்டைப் பார்த்துப் பாதிக்கு மேல் புரிந்துகொள்வாள். வாலாஜாபாத் பக்கத்திலிருந்து இரண்டு பேரும் ஒரே கம்பெனி பஸ்ஸில் வருவோம், ஒரே டேபிளில் பேக்கிங் செய்வோம். அவளை இந்த வேலைக்குக் கூட்டிவந்ததே நான்தான். அவளிடம் யாராவது ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் என்னிடம் சொல்வார்கள், நான் கையைக் காட்டி அவளிடம் சொல்வேன். அவள் சொல்லும் பதிலுக்கு நான் வாயைத் திறப்பேன். இதில் எனக்கு ஒரு பெருமை உண்டு, ஏன் மறைக்க வேண்டும்?

ஸ்கேனர் வந்ததற்குக் காரணம் கார் கம்பெனிக்காரன் போட்ட புது ரூல். லாரியில் ஏறுகிற ஒவ்வொரு பெட்டியின் லேபிளும் ஸ்கேன் ஆகியிருக்க வேண்டும், ஒரு பெட்டி விட்டுப்போனாலும் லாரியை கேட்டிலேயே திருப்பிவிடுவான். பெட்டிகள் பேலட் என்கிற மரப்பலகையின் மேல் ஆள் உயரத்துக்கு அடுக்கியிருக்கும். கம்ப்யூட்டர் ஒரு மூலையில் கிடக்கும். ஸ்கேனரைக் கையில் பிடித்துக்கொண்டு பேலட்டைச் சுற்றிச் சுற்றி வந்து ஒவ்வொரு லேபிளாகச் சுட வேண்டும். 'பீப்' என்றால் ஏறிவிட்டது. சத்தம் வராவிட்டால் மறுபடி சுட வேண்டும். சின்னப் பிள்ளை கூடச் செய்கிற வேலை, காது கேட்டால்.

தங்கச்சி ஸ்கேன் செய்த முதல் லோடே திரும்பி வந்தது. சில பெட்டிகள் ஏறவேயில்லை. அவள் கம்ப்யூட்டருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு சுட்டிருக்கிறாள், ஏறியதா இல்லையா என்று அவளுக்கு எப்படித் தெரியும்?

சூப்பர்வைசர் திருநெல்வேலிப் பக்கத்துப் பையன். என்னைவிடச் சின்னவன், கெட்டவன் என்று சொல்ல மாட்டேன். தலையைச் சொறிந்துகொண்டு வந்து நின்றான்.

"யக்கா, நான் என்ன செய்ய முடியும், நீங்களே சொல்லுங்க. லாரி திரும்பிட்டுன்னு மேல கத்துதாங்க. பேக்கிங்னா இனிமே ஸ்கேனும் செய்யணும். அவள ஹவுஸ்கீப்பிங்ல போட்டுருதேன்."

கூட்டித் துடைப்பதைக் கேவலம் என்று நான் நினைக்கவில்லை. எங்கள் அம்மா அந்த வேலை செய்துதான் எங்களுக்குச் சோறு போட்டாள். ஆனால் தங்கச்சி அதற்குப் போக மாட்டாள். பேக்கிங்கில் அவள் கைக்கு நிகராக இங்கே யாரும் கிடையாது, அது அவளுக்கும் தெரியும். காது கேட்கவில்லை என்று துடைப்பத்தைக் கொடுத்தால் அப்படியே வீட்டுக்கு வந்து உட்கார்ந்துவிடுவாள். ஒருமுறை உட்கார்ந்தால் அப்புறம் அவளைக் கிளப்ப எந்தக் கொம்பனாலும் முடியாது.

"ஒரு நாள் டைம் குடு தம்பி. இந்த மெஷின நானு சரி பண்றேன்."

"நீங்களா?"

"ஏன், நான் இன்னா பன்னண்டாவது படிக்கலியா?"

நான் பன்னிரண்டாவதில் படித்தது வரலாறு. அதை அவனிடம் சொல்லவில்லை.

என் யோசனை இதுதான். தங்கச்சியின் போன் தலையணைக்கு அடியில் அதிர்ந்துதான் அவள் தினமும் எழுந்திருக்கிறாள். அதே மாதிரி இந்த மெஷினும் லேபிள் ஏறியதும் கையில் அதிர்ந்தால் போதுமே. எங்கேயாவது ஒரு செட்டிங் இருக்கும், போய் மாற்றிவிட்டால் தீர்ந்தது.

மறுநாள் காலை அதைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். ஸ்கிரீன் இல்லை, பட்டன் இல்லை. துப்பாக்கிக்கு இருப்பதுபோல ஒரு விசை, அவ்வளவுதான். செட்டிங்கை எங்கே போய் மாற்றுவது? கூடவே வந்த புத்தகத்தைத் திறந்தேன். இங்கிலீஷ். அதுகூடப் பரவாயில்லை, எழுத்துக்கூட்டிப் படித்துவிடுவேன். பக்கத்துக்குப் பக்கம் பார்கோடாக இருந்தது. அச்சடித்தவன் தூங்கிவிட்டானோ என்று நினைத்தேன்.

எங்கள் போன்களெல்லாம் லாக்கரில் இருக்கும், டைப் அடிக்க வேண்டும் என்பதற்காகத் தங்கச்சிக்கு மட்டும் விலக்கு. சூப்பர்வைசர் போனை வாங்கி ஸ்கேனர் விற்றவனைக் கூப்பிட்டேன்.

"ஈஸி மேடம். புக்குல இருக்கற பார்கோட ஸ்கேன் பண்ணுங்க, மெஷின் தானா மாறிக்கும்."

"பேப்பர சுட்டா மெஷின் எப்பிடிப்பா மாறும்?"

"மாறும் மேடம். ஃபர்ஸ்ட்டு செட்டிங்க ஓப்பன் பண்ற கோடு, அப்புறம் உங்களுக்கு வேண்டிய கோடு, கடசில க்ளோஸ் பண்ற கோடு. வரிசையா சுடுங்க."

அவன் வைத்துவிட்டான். எனக்கு எதுவும் விளங்கவில்லை. பூட்டு, சாவி, மறுபடி பூட்டு, எல்லாமே ஒரே மாதிரி கறுப்புக் கோடுகள். 'வைப்ரேஷன்' என்று போட்டிருந்த பக்கத்தைத் தேடிப் பிடித்துச் சுட்டேன். டிங் டிங் என்று குஷியாகச் சத்தம் போட்டது. லேபிளைச் சுட்டால் வெறும் பீப், கையில் ஒரு அசைவும் இல்லை. ஓப்பன் பண்ணுகிற கோட்டை விட்டுவிட்டேனோ என்று முதலிலிருந்து சுட்டேன். இந்தமுறை சோகமாக ஒரு சத்தம் போட்டது. என்ன தப்பு செய்தேன் என்று அது சொன்னால்தானே?

அடுத்த டேபிள்காரி வேறு சும்மா இருக்கவில்லை. "இன்னாக்கா, பொஸ்தகத்தயே லாரில ஏத்தப் போறியா? காலைலேர்ந்து சுட்டுகினே கீற?"

"உன் வாய மூடிகினு டேப்ப ஒட்டு" என்றேன்.

தங்கச்சி எதிரில் நின்று பெட்டிக்கு டேப் ஒட்டிக்கொண்டே என்னைப் பார்த்தாள். கையை விரித்து, என்ன ஆச்சு என்று கேட்டாள். ஒன்றுமில்லை, நீ வேலையைப் பார் என்று காட்டினேன். நேற்று சூப்பர்வைசர் சொன்னதை நான் அவளிடம் சொல்லவில்லை. ஆனால் அவன் உதட்டை அவளும் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள்.

அப்புறம்தான் பெரிய கூத்து. ஒரு கோட்டைச் சுடப்போனால் பக்கத்துக் கோட்டையும் சேர்த்து முழுங்கிவிடுகிறதே என்று கட்டைவிரலால் மற்றதை மறைத்துக்கொண்டு சுட்டேன். விரல் நழுவியது. எந்தக் கோட்டைத் தின்றதோ, மெஷின் நீளமாக ஒரு ராகம் பாடிவிட்டு அடங்கியது. அதற்கப்புறம் எதைச் சுட்டாலும் உப், உப், உப் என்று மூன்று தடவை முனகியது. கம்ப்யூட்டரில் ஒரு எழுத்துகூட விழவில்லை. லாரி வந்து நிற்கிறது, பேலட் நிற்கிறது, மொத்த பேக்கிங்கும் நிற்கிறது.

"யக்கா! என்னத்தப் பண்ணித் தொலச்சிய?" சூப்பர்வைசர் ஓடிவந்தான்.

"எனக்கு மட்டும் இன்னா தெரியும்? கத்தாத தம்பி, நானே கொயம்பிப் போய் கீறேன்."

மறுபடி போன். நான் அதைக் கடையிலிருந்து வந்த நிலைக்கே திருப்பிவிட்டேனாம். அதனால் கம்ப்யூட்டரோடு அதைச் சேர்த்துவைக்கிற ஸ்டாண்டையே அது மறந்துவிட்டதாம். ஸ்டாண்டைக் கவிழ்த்தால் அடியில் ஒரு கோடு இருக்கும், அதைச் சுட்டால் ஞாபகம் வந்துவிடும் என்றான். கவிழ்த்தேன், சுட்டேன், வந்தது. எப்படிப் போனது, எப்படி வந்தது, இன்றுவரை எனக்குப் புரியவில்லை.

லாரி போனபிறகு ஸ்கேனர் விற்றவனிடம் போனில் விஷயத்தை உடைத்தே சொன்னேன். "தம்பி, என் தங்கச்சிக்கு காது கேக்காது. மெஷின் கைல அதிர்ந்தாதான் அவளுக்கு வேல. நானும் அந்தக் கோட்ட எத்தினி வாட்டிதான் சுட்றது?"

"மேடம், சாரி. அந்த புக்கு ரெண்டு மாடலுக்கும் பொது. வைப்ரேஷன் மோட்டர் காஸ்ட்லி மாடல்லதான் வரும். உங்க மாடல்ல கிடையாது."

இல்லாத ஒன்றைக் காலையிலிருந்து சுட்டுக்கொண்டிருந்திருக்கிறேன். அழுகை வந்தது. அழுகையைவிடக் கோபம் அதிகமாக வந்தது. கிடையாது என்றால் அந்தப் பக்கத்தை எதற்கடா அச்சடித்தாய், பாவி? அந்த மெஷினைத் தரையில் அடித்து உடைக்கலாம் போல இருந்தது. சூப்பர்வைசர் பையன் என் மூஞ்சியைப் பார்த்துவிட்டு ஸ்கேனரைப் பூப்போல என் கையிலிருந்து வாங்கிக்கொண்டான்.

"அதுக்கு ஏன் மேடம் வைப்ரேஷன்?" போனில் விற்றவன் இன்னும் இருந்தான். "தலைல லைட் இருக்குமே. லேபிள் ஏறுனா பச்ச எரியும். அத பாத்து செய்யலாமே."

"லைட்டா? லைட்டெல்லாம் ஒண்ணும் கெடையாது. கீயே ஒரு செவப்பு வெளிச்சம் அடிக்குது, அவ்ளோதான்."

"அது சுடற லைட்டு. நான் சொல்றது மேல, தலைல."

"நானு காலைலேர்ந்து அத்தயேதான் பாத்துகினு கீறேன். இல்லன்னா இல்ல."

"ஒரு போட்டோ எடுத்து அனுப்புங்க மேடம்."

சூப்பர்வைசர் எடுத்து அனுப்பினான். கொஞ்ச நேரத்தில் விற்றவனே கூப்பிட்டான். சிரிப்பை அடக்கப் பார்க்கிறான், அடங்கவில்லை. "மேடம், தலைல அது இன்னா, மஞ்சளா?"

நானும் பையனும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டோம். முதலாளி வைத்த சந்தனம்! விளக்கு இருக்கும் இடத்தில் சரியாக அப்பி, காய்ந்து, ஓடு மாதிரி இறுகியிருந்தது. எங்கள் எல்லோருக்கும் பீப் கேட்கிறது, விளக்கை யார் தேடினோம்? அது தேவைப்பட்ட ஒருத்திக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது.

துணியை நனைத்துக்கொண்டு வந்தேன். பையன் குறுக்கே கையை நீட்டினான். "யக்கா, வேண்டாம். மொதலாளி கையால வச்ச பொட்டு. அழிச்சா என்னையத்தான் கேப்பாரு."

"அழிக்கல தம்பி, எடம் மாத்துறேன்" என்றேன். தலையைத் துடைத்துவிட்டு, பர்ஸில் வைத்திருந்த கோயில் குங்குமத்தை எடுத்துக் கைப்பிடிக்குக் கீழே ஒரு பொட்டு வைத்தேன். சாமிக்கு எங்கே வைத்தால் என்ன? பிறகு ஒரு லேபிளைச் சுட்டேன். தலையில் ஒரு பச்சை, பச்சைமிளகாய் நிறத்தில், பளிச்சென்று எரிந்து அணைந்தது. வாய்விட்டுக் கத்திவிட்டேன். தங்கச்சியைக் கையைப் பிடித்து இழுத்துவந்து காட்டினேன். அவள் சுட்டுப் பார்த்தாள். மறுபடி சுட்டாள். மெஷினை முகத்துக்குக் கிட்டே கொண்டுவந்து, ஒரு குழந்தையின் தலையைப் பார்ப்பது போல அந்த இடத்தைப் பார்த்தாள்.

பையன் கெட்டிக்காரன். ஒரு புதுப் பேலட்டை நிறுத்தி, யாருக்கும் தெரியாமல் நடுவில் ஒரு லேபிளைச் சாவியால் கீறிவிட்டு வந்து என் பக்கத்தில் நின்றான். அவளைச் சுடச் சொன்னான். அவள் பேலட்டைச் சுற்றி வந்தாள். பீப், பீப், பீப். எங்களுக்கு அவள் முதுகு மட்டும்தான் தெரிந்தது. ஒரு பெட்டியில் சத்தம் வரவில்லை. என் கை தானாகத் தூக்கிக்கொண்டது, கால் ஒரு அடி முன்னால் போய்விட்டது. "யக்கா, சும்மா நில்லுங்க" என்று பையன் தோளைப் பிடித்தான். அவள் நின்றாள். மறுபடி சுட்டாள், பச்சை இல்லை. லேபிளை விரலால் தடவிப் பார்த்தாள். கிழித்து எடுத்துக்கொண்டு நேராகப் பிரின்டருக்குப் போய்ப் புது லேபிள் எடுத்துவந்து ஒட்டி, சுட்டுவிட்டு, அடுத்த பெட்டிக்குப் போனாள். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"செரி" என்றான் பையன். "இவளே ஸ்கேன் பாக்கட்டும். ஹவுஸ்கீப்பிங் பேச்சே கெடையாது." அப்புறம் என்னைப் பார்த்துச் சொன்னான். "ஆனா எதுக்கும் நீங்க கூடவே நில்லுங்க யக்கா. நீங்க பீப்ப கேட்டுக்கிட்டா எனக்கும் கொஞ்சம் நிம்மதி."

"அது கூட சொல்லணுமா தம்பி?" என்றேன். உச்சி குளிர்ந்தது எனக்கு.

தங்கச்சி அவன் உதட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஸ்கேனரை ஸ்டாண்டில் வைத்தாள். போனை எடுத்து எதையோ டைப் அடித்து அவனிடம் நீட்டினாள். என்னிடம் இல்லை, அவனிடம். அவன் படித்துவிட்டு என்ன செய்வது என்று தெரியாமல் போனை என்னிடம் கொடுத்தான்.

'அக்கா வேண்டாம் சார். லைட் போதும்.'

நான் அதை இரண்டு மூன்று தடவை படித்தேன். எனக்குத் தமிழ் படிக்கத் தெரியும், இருந்தும் புரியவில்லை. நாள் முழுக்க யாருக்காக அந்தப் பாழாய்ப்போன புத்தகத்தோடு மல்லுக்கட்டினேன்? பஸ்ஸில் அவள் பக்கத்தில்தான் உட்கார்ந்தேன், ஆனால் மூஞ்சியைத் திருப்பிக்கொண்டேன். வழியில் இறங்குகிறவர்களெல்லாம் இறங்கியபின் பொறுக்கமுடியாமல், ஏண்டி அப்படி எழுதினாய் என்று கையால் கேட்டேன். அவள் யோசிக்கவே இல்லை. எல்லோரும், என்று காட்டினாள். என்னிடம் கேட்கும்போதும், உன் முகத்தைத்தான் பார்க்கிறார்கள். இரண்டு விரலைத் தன் கண்ணில் வைத்து, என் முகத்துக்குக் கொண்டுவந்தாள். அப்புறம் என் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டு தூங்கிப்போனாள்.

மறுநாளிலிருந்து அவள் லாரிப் பக்கம், நான் பழைய டேபிளில். முதுகுக்குப் பின்னால் பீப் கேட்டுக்கொண்டே இருக்கும். நடுவில் ஒன்று கேட்காமல் போனால் என் கழுத்து அந்தப் பக்கம் திரும்பப் பார்க்கும். பல்லைக் கடித்துக்கொண்டு டேப் ஒட்டுவேன். கொஞ்ச நேரத்தில் பிரின்டர் ஓடும் சத்தம் வரும், அப்புறம் பீப் வரும். நான் திரும்ப மாட்டேன்.