மழைக்குள் கேட்ட விசில்

அந்தத் தீவின் படகுத்துறையில் அந்தப் படகோட்டிக்கு ‘உம்’ என்று பட்டப்பெயர். எதைக் கேட்டாலும் அந்த ஒரு சத்தம்தான் பதில். முன்பு சரக்குப் படகு ஓட்டினார். சிமெண்ட் மூட்டையோடு வாயாடத் தேவையில்லை என்பதில் அவருக்குத் தனி நிம்மதி. மகள் டைவிங் கற்று, விடுமுறைக்கு வருகிறவர்களைக் கடலுக்கடியில் கூட்டிப்போகும் வேலையில் சேர்ந்ததும், சரக்கை விட்டுவிட்டு அவள் சேர்ந்த நிறுவனத்தின் படகுக்கே மாறிக்கொண்டார். “பொண்ணுக்குக் காவலா?” என்று மனைவி சிரித்தாள். “உம்.”

மகள் உள்ளே போய்விட்டால் மேலே வரும் காற்றுக்குமிழிகளைத்தான் அவர் பார்த்துக்கொண்டிருப்பார். அவை நகரும் பக்கமே அவர் கண்ணும் நகரும்.

அன்றைக்கு வந்தவர்கள் ஒரு தையல்கடைக்காரரும் அவர் மனைவியும். மகனுக்குக் கல்யாணத்தை முடித்துவிட்டு, வாழ்க்கையில் முதல்முறையாக ஊர்சுற்ற வந்திருந்தார்கள். டைவிங் கண்ணாடியை மாட்டும்போதே கடைக்காரருக்கு உதறல். “நாம கரையிலயே இருந்துக்கலாமே” என்றார்.

“இவ்ளோ தூரம் வந்துட்டு மணல் எண்ணவா?” என்று அந்த அம்மா முதலில் இறங்கிவிட்டார். மகள் இருவரையும் இரு பக்கமும் வைத்துக்கொண்டு கீழே போனாள்.

கொஞ்ச நேரத்தில் வானம் இருட்டிக்கொண்டு மழை கொட்டியது. கடல் முழுக்கத் துளி விழுந்து கொப்பளித்ததில், எது குமிழி, எது மழை என்று அவருக்குத் தெரியவில்லை. படகை நகர்த்தினால் மேலே வருகிற தலையில் இன்ஜின் விசிறி பட்டுவிடும்; நகர்த்தாவிட்டால் நீரோட்டம் அவர்களை எங்கே கொண்டுபோகுமோ. எழுந்து நின்று, இரண்டு கையையும் வாயருகே குவித்து, “பாப்பா!” என்று கத்தினார். தொண்டை கிழியக் கிழியக் கத்தினார்.

மெலிதாக ஒரு விசில் கேட்டது.

சத்தம் வந்த திசையில் படகை ஊர்ந்துபோக விட்டார். மழைத்திரைக்குள், டைவிங் போகிறவர்கள் தாங்கள் இருக்கும் இடம் தெரிய ஊதி நிறுத்தும் ஆரஞ்சு நிற மிதவை ஒன்று குச்சிபோல நின்றது. அதைச் சுற்றித் தலைகள். ஒன்று, இரண்டு, மூன்று. போன உயிர் திரும்பி வந்தது.

ஏணியில் ஏறும்போதே அந்த அம்மா, “ஒரு ஆமைங்க! இவ்ளோ பெருசு!” என்றார்.

“அது பின்னாடி இவ போயிட்டா, இவ பின்னாடி நான். பாவம், அந்தப் பொண்ணுதான் எங்க ரெண்டு பேரையும் பிடிச்சு இழுத்துட்டு வந்துச்சு” என்ற கடைக்காரர், மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டு விசும்பினார்.

“அட, அதான் வந்துட்டேன்ல” என்று அந்த அம்மா அவர் முகத்தைத் துடைத்துவிட்டார்.

மகள் கடைசியாக ஏறினாள். “மேல வந்து பார்த்தா படகையே காணோம்ப்பா. எந்தப் பக்கம்னே புரியல. உங்க சத்தம் கேட்டுத்தான் விசில் ஊதினேன்.”

“குமிழி தெரியலம்மா” என்றார் அவர். “இன்ஜினைப் போடவும் பயம், போடாம இருக்கவும் பயம். உங்கம்மாகிட்ட என்ன சொல்வேன், எந்த மூஞ்சியை வச்சிட்டு வீட்டுக்குப் போவேன்…” அவர் நிறுத்தவில்லை. மகள் துண்டைப் பிழிந்தபடி கேட்டுக்கொண்டே இருந்தாள்.

மழை விட்டது. பிளாஸ்கிலிருந்து இரண்டு டம்ளரில் டீ ஊற்றி ஒன்றைக் கடைக்காரரிடம் நீட்டினார். இருவர் கையும் ஆடியதில் பாதி டீ படகுக்குத்தான் போனது.

“நமக்குத்தான் சார் இன்னும் நடுங்குது. அங்க பாருங்க” என்றார் கடைக்காரர்.

முன்பக்கம் அந்த அம்மா மகளிடம் கேட்டுக்கொண்டிருந்தார்: “நாளைக்கும் அந்த ஆமை அங்கதான் இருக்குமா?”