இடப்பக்கத்துத் துரு

எங்கள் வண்டிக்கு வயதாகிவிட்டது. ஏழு பேர் தாராளமாக உட்காரும் பெரிய வண்டி. சாந்தோமில் கடலுக்கு இரண்டு தெரு தள்ளி வெயிலிலும் மழையிலும் நிற்கிறது, துருப்பிடிக்காமல் என்ன செய்யும் என்பார் என் கணவர். வருஷா வருஷம் என் தங்கை குடும்பத்தையும் ஏற்றிக்கொண்டு வேளாங்கண்ணிக்கு அவரேதான் ஓட்டுவார். இந்தத் தடவை கிளம்புமுன் துருவைச் சுரண்டிப் பெயின்ட் அடித்துவிடலாம் என்று தி. நகரில் ஒரு டிங்கரிங் பட்டறைக்குக் கொண்டுபோனோம்.

நானும் விடாமல் கூடப் போனேன். காலமெல்லாம் பரீட்சை ஹாலில் மேற்பார்வைக்கு நின்ற டீச்சர் நான். யாரையும் லேசில் நம்பமாட்டேன்.

பட்டறைக்காரர் இடப்பக்கக் கதவின் அடிப்பாகத்தை உப்புத்தாளால் தேய்த்தார். பெயின்ட் பொருக்குப் பொருக்காக உதிர்ந்தது.

"கடல் காத்துமா. உங்க ஏரியா வண்டி எல்லாமே இப்டித்தான் கீது. ஃபுட்போர்டு, மட்கார்டு ரெண்டும் புச்சா போட்டுடலாம்."

இல்லாத வேலையை இழுத்துவிடுகிறாரோ என்று வண்டியைச் சுற்றி வந்து பார்த்தேன். வலப்பக்கத்தில் அங்கங்கே புள்ளிபோல் துரு, அவ்வளவுதான். அரித்துப் போயிருந்தது முழுக்க இடப்பக்கம். எங்கள் வாசலில் கடலைப் பார்த்து நிற்பதோ வலப்பக்கம். கடல் காற்று மெனக்கெட்டுச் சுற்றி வந்து அந்தப் பக்கமா அடிக்கும்? அதுவும் இடப்பக்கத் துரு நீள நீளக் கோடாக இருந்தது. கோடுகளின் மேல் யாரோ பிரஷ்ஷால் வெள்ளை பெயின்ட் தீற்றியிருந்தார்கள்.

"இத யாரு பூசினது?"

"நான்தான்மா. சும்மா டச்சப்," என்றார் கணவர், என் முகத்தைப் பார்க்காமல்.

எனக்குச் சட்டென்று பக்கத்து வீட்டுக்காரர் ஞாபகம் வந்தது. எங்கள் பங்குக் கோயிலுக்குத்தான் அவரும் வருவார். கொஞ்ச நாளாக முகம் கொடுத்தே பேசுவதில்லை. தெருவில் எதிர்ப்பட்டால் செல்போனை நோண்டுவார். அவர்தான் ஆணியால் கீறியிருக்கிறார், சண்டை வேண்டாமென்று இவர் பெயின்ட் அடித்து மூடி மறைக்கிறார் என்று முடிவு கட்டிவிட்டேன்.

சனிக்கிழமை வண்டி பளபளவென்று வந்து சேர்ந்தது. ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்கு அதிலேயே போனோம். அந்தப் பக்கத்து வீட்டுக்காரர் எங்கள் வரிசையிலேயே வந்து உட்கார்ந்தார், என் கணவருக்கு இடப்பக்கம். நான் வழக்கம்போல் வலப்பக்கம். செய்வதையும் செய்துவிட்டு எவ்வளவு தைரியம் என்று ஓரக்கண்ணால் அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஒருவருக்கொருவர் சமாதானம் சொல்லும் நேரம் வந்தது. இவர் என் பக்கம் திரும்பிக் கைகூப்பினார். எனக்குப் பின்னால் நின்றவர்களுக்கும் கூப்பினார். அந்தப் பக்கம் பக்கத்து வீட்டுக்காரர் இவரைப் பார்த்துச் சிரித்த முகமாகக் கைகூப்பியபடி நின்றார். இவரோ நேராகப் பீடத்தைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். அந்த மனிதர் கொஞ்ச நேரம் காத்திருந்துவிட்டுக் கையை இறக்கினார். முகம் சுண்டிப்போய்விட்டது.

யாரையும் அவமதிக்கத் தெரியாதவர் என் கணவர். மீன் விற்க வரும் அம்மாவுக்குக்கூட எழுந்து நின்று வணக்கம் சொல்வார். கண்ணில் பட்டிருந்தால் பக்கத்து வீட்டுக்காரருக்கும் கட்டாயம் சொல்லியிருப்பார்.

அப்படியென்றால் இடப்பக்கம் இருப்பது எதுவும் இவர் கண்ணுக்குத் தெரிவதில்லையா? எங்கள் கேட்டின் இடப்பக்கத் தூணில் வெள்ளை பெயின்ட் ஒட்டியிருக்கிறதே, அது எப்படி வந்தது என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை. அடுத்த வாரம் அதே இடப்பக்க ஜன்னல் ஓரத்தில்தான் தங்கை பிள்ளைகள் அடித்துப்பிடித்து உட்காருவார்கள். அதற்குமேல் பூசையில் மனம் செல்லவில்லை.

வெளியே வந்ததும், "சாவியக் கொடுங்க," என்றேன்.

எனக்கு வண்டி ஓட்டத் தெரியாது. அது அவருக்கும் தெரியும். பாக்கெட்டிலிருந்து சாவியை எடுத்து என் கையில் வைத்தார். ஆட்டோ பிடிக்கத் தெருமுனைக்கு நடந்தார்.