றெஜினா அக்கா திறந்த யன்னல்

"றெஜினா பெரியம்மா போயிட்டாவாம், அம்மா." தொலைபேசியை வைத்துவிட்டு மகள் சொன்னபோது நான் மீன் வெட்டிக்கொண்டிருந்தேன். கத்தியைக் கீழே வைத்தேன். முதலில் கண் போனது குசினி யன்னலுக்குத்தான். அது திறந்திருந்தது. உப்புவெளிப் பட்டறையில் எங்களோடு வேலை செய்தவர்களுக்கு ஏன் என்று விளங்கும். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்.

சண்டைக் காலத்தில் நாங்கள் அங்கே பைபர் வள்ளங்கள் செய்தோம். றெசின் பசை பூசிய தூரிகைகளைக் கழுவுவதற்கு அசற்றோன் வேண்டும். பார்வைக்குத் தண்ணீர்தான், இனிப்பான ஒரு நெடி. கையில் பட்டால் சில்லென்று குளிர்ந்து உடனே காய்ந்துவிடும். போகும்போது தோலின் எண்ணெயையும் கொண்டுபோகும். எங்கள் விரல்கள் எல்லாம் வெடித்துக் கிடந்தன.

களஞ்சியம் றெஜினா அக்காவின் பொறுப்பு. பால்ப்பேணியால் அளந்து தருவார், மூடினோமா என்று பார்க்கப் பின்னாலேயே வருவார். "காய்ஞ்சிட்டுதெண்டு நினைக்காதேங்கோ. அது ஆவியாகி நிலத்திலைதான் கிடக்கும். பத்தடி தள்ளி அடுப்பு எரிஞ்சாலும் ஊர்ந்து போய்ப் பத்தும்" என்பார். ஊரே ஷெல்லுக்குப் பயந்திருக்க இவர் ஒரு பேணிக்குப் பயப்படுகிறாரே என்று நாங்கள் சிரிப்போம். 'பயந்தாங்கொள்ளி அக்கா' என்று பட்டம் வைத்தவள் நான்தான். அவர் கோபிக்கவில்லை. "ஓம், நான் பயந்தாங்கொள்ளிதான். நீங்கள் மூடியைப் போடுங்கோ."

அப்போது எனக்கு வயிற்றில் நான்கு மாதம். முதலாளிக்குத் தெரிந்தால் வேலை போய்விடும் என்று மறைத்து வைத்திருந்தேன். அக்கா கண்டுபிடித்துவிட்டார். ஒருவரிடமும் சொல்லாமல் என்னை வாசலோர வேலைக்கு மாற்றினார். "தலை சுத்தும் மட்டும் நிக்காதை பிள்ளை. பழகிப்போனால் மூக்குக்குத் தெரியாது, உடம்புக்குள்ளை போய்க்கொண்டுதான் இருக்கும்."

கேட்டேனா? ஒரு நாள் காலை, வள்ளத்துக்குள் துடைக்கிற ஒருத்தி வேலைக்கு வரவில்லை. அக்கா களஞ்சியத்துக்குள் இருந்த நேரம் பார்த்து, பேணியோடு வள்ளத்துக்குள் இறங்கித் துடைக்கத் தொடங்கினேன். துறைமுகப் பக்கத்து யன்னல்கள் எல்லாம் பூட்டிக் கிடந்தன. திறந்தால் சுடுவோம் என்று சென்றிக் காவலரணில் நின்ற படையினர் சொல்லியிருந்தார்கள்.

திடீரென்று வெளியே பெரிய வெடிச்சத்தம், தொடர்ந்து துவக்குச் சூடு. சத்தம் கேட்டால் குப்புற விழுவது அந்த நாட்களில் எங்களுக்கு மூச்சு விடுவது போன்ற பழக்கம். எல்லோரும் நிலத்தில் படுத்தார்கள். நான் வள்ளத்தின் அடியில் படுத்தேன். பேணி கவிழ்ந்து முகத்தடியில் ஓடியது. கண் எரிந்தது. கொஞ்ச நேரத்தில் எரிவும் தெரியவில்லை. நித்திரை வருவது போல் சுகமாக இருந்தது.

"எழும்பு பிள்ளை, கீழை கிடக்காதை."

அத்தனை பேரும் படுத்திருக்க அக்கா ஒருவர்தான் நின்றார். என் கக்கத்தில் கைகொடுத்துத் தூக்கி வள்ளத்தின் விளிம்பில் சாய்த்தார். பிறகு பூட்டிக் கிடந்த துறைமுகப் பக்கத்து யன்னல் ஒன்றின் கொண்டியைக் கழற்றித் தள்ளினார். வெறுங்கை இரண்டையும் வெளியே நீட்டிச் சென்றிக்குக் காட்டியபடி, "மூச்சை இழு, நல்லா இழு" என்று என்னிடம் சொல்லிக்கொண்டே நின்றார். யாரும் சுடவில்லை. எல்லாம் அடங்கிய பிறகு ஒரு மூலையில் இருந்து அழுதார். "எனக்குச் சரியான பயம் பிள்ளை" என்றார்.

அதன்பின் அந்தப் பட்டத்தை நான் சொல்லவில்லை. ஆனால் மன்னிப்பும் கேட்கவில்லை. அது இனி ஏலாது.

அன்று பின்னேரம் செத்த வீட்டுக்கு வெளிக்கிட்டோம். "இந்தச் சிவப்போடை போக ஏலாது" என்று மகள் அறைக்குள் இருந்து நகப்பூச்சை அழித்துக்கொண்டிருந்தாள். நான் கதவைத் திறந்ததும் அதே அசற்றோன் நெடி.

"யன்னலைத் திற" என்றேன்.

"சின்னப் போத்தல்தானே அம்மா. உங்களுக்கு எல்லாத்துக்கும் பயம்."

அன்றைக்கு என் வயிற்றில் இருந்தவள் இவள்தான்.

"ஓம், நான் பயந்தாங்கொள்ளிதான்" என்றேன். "நீ யன்னலைத் திற."