செபாஸ்டியனின் லேண்ட் ரோவர்

கிள்ளான் ரயில் ஸ்டேஷனிலிருந்து வீட்டுக்கு வந்ததும் செபாஸ்டியன் கதவைத் தட்டுவதில்லை. கார் போர்ச்சிலேயே நின்று, வெள்ளைக்கோலை மடக்கித் தோள்பையில் செருகிவிட்டு, லேண்ட் ரோவரின் முன்சக்கரத்துக்கு உட்புறமாகக் கையை நுழைப்பார். அங்கே உருண்டையாக ஓர் இரும்பு மூட்டு இருக்கிறது. சக்கரம் திரும்புவது அதில்தான். அதன் அடிவயிற்றில் விரலை ஓட்டி, ஒட்டிய எண்ணெயை மோந்து பார்ப்பார்.

“ஒழுகுது,” என்பார் திருப்தியோடு. “ஒழுகுற வரைக்கும் உள்ள எண்ணெய் இருக்குன்னு நம்பலாம் லா.”

சமையலறையிலிருந்து மனைவி உர்சுலாவின் குரல் வரும்: “என்னை ஒரு நாளாச்சும் இப்படி விசாரிச்சிருக்கீங்களா?”

ஐம்பதைத் தாண்டியவர் செபாஸ்டியன். பிரிக்பீல்ட்ஸில், பார்வையற்றவர்கள் நடத்தும் மசாஜ் நிலையம் ஒன்றில் வேலை. அதற்கு முன்னால் போர்ட் கிள்ளானில் கண்டெய்னர் லோரி ஓட்டினார். முப்பத்தைந்து வயதில், கண்ணுக்குள் அழுத்தம் கூடும் நோய் அவருடைய பார்வையை ஓரங்களிலிருந்து தின்னத் தொடங்கியது. கடைசியில் நடுவில் மிஞ்சியிருந்த வெளிச்சமும் போய்விட்டது. லைசென்ஸைத் திருப்பிக் கொடுத்த வாரமே மசாஜ் படிக்கப் போனார். அதைப் பற்றி நீட்டி முழக்க அவருக்குப் பிடிக்காது. “லோரி ஸ்டீரிங் பிடிச்ச கை. மனுஷன் தோள் அவ்வளவு கஷ்டமில்ல,” என்பதோடு நிறுத்திக்கொள்வார்.

லேண்ட் ரோவர் வந்ததும் ஒரு தோள் வழியாகத்தான். பங்சாரிலிருந்து வரும் ஒரு வாடிக்கையாளருக்கு இரண்டு தோள்களும் கல்லாய் இறுகியிருந்தன. ஆபீஸில் உட்கார்ந்து வந்த வலி என்றார் அவர். செபாஸ்டியன் நம்பவில்லை. “பாஸ், நீங்க என்ன வண்டி ஓட்டுறீங்க? பவர் ஸ்டீரிங் இல்லாத வண்டியா?” குப்புறக் கிடந்த மனிதர் சிரித்துக்கொண்டே எழுந்து உட்கார்ந்துவிட்டார். அறுபதுகளில் செய்த லேண்ட் ரோவர், குட்டை ரகம், வெளியே ரோட்டோரத்தில் நிற்கிறது என்றார்.

அன்று அடுத்த வாடிக்கையாளர் காத்திருக்க வேண்டியதாயிற்று. செபாஸ்டியன் அந்த வண்டியை முன்னாலிருந்து பின்னால்வரை கைகளால் படித்துக்கொண்டிருந்தார். அலுமினியத் தகடு, வெயிலில் சுட்டாலும் துரு ஏறாத வழுவழுப்பு. வரிசை தப்பாத ரிவெட்டுகள். வெளியே தெரியும் கதவுக் கீல்கள். எங்கே தொட்டாலும் ஒரு போல்ட் தலை நீட்டிக்கொண்டிருந்தது. “புது வண்டியில எல்லாம் மூடி வச்சிருக்கான், தொட்டா வழுக்குது,” என்று இன்றைக்கும் சொல்வார். “இதுக்கு எலும்பு இருக்கு. கை வச்சா எது எங்க இருக்குன்னு அதுவே சொல்லுது.”

இஞ்சின் சூடேறினால் நின்றுவிடுகிறது என்பதால் பங்சார்க்காரருக்கு அந்த வண்டி சலித்துப்போனது. ஒரு வருடம் கழித்து செபாஸ்டியன் அதை வாங்கிக்கொள்ள, இழுவை லோரியில் அது கிள்ளானுக்கு வந்து இறங்கியது. உர்சுலாவின் மைவி கார் போர்ச்சை விட்டு ரோட்டுக்குப் போனது.

“கண்ணு தெரியாத மனுஷனுக்கு எதுக்கு வண்டி? கேக்குறவங்களுக்கு நான் என்ன சொல்ல?”

“எனக்குக் கண்ணு தெரியல, சரி. வண்டிக்குக் கை தேவைன்னு சொல்லு.”

ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்து திரும்பினால் போர்ச்சில் வேலை ஆரம்பமாகும். கூட நிற்பவர் இர்ஃபான், ராமநாதபுரத்துக்காரர். வேலை பெர்மிட்டில் வந்து பக்கத்து வொர்க்‌ஷாப்பில் இருக்கிறார். விடுமுறை நாளிலும் கிரீஸ் வாசனை இல்லாமல் அவரால் இருக்க முடியாது. கழற்றிய போல்ட்டுகள் ஐஸ்கிரீம் டப்பாக்களில் கிடக்கும். டப்பாவைக் குலுக்கியே எது கதவினுடையது, எது தரைத் தகட்டினுடையது என்று செபாஸ்டியன் எடுத்துவிடுவார். ஸ்பேனர்கள் சுவரில் வரிசையாகத் தொங்கும். ஒன்று இடம் மாறினாலும் வீடு அதிரும். உர்சுலாவுக்கு இது தெரியும். சண்டை வந்தால் ஒரு வார்த்தை பேசமாட்டார். இரண்டு ஸ்பேனர்களை மாற்றி மாட்டிவிட்டுப் போய்ப் படுத்துக்கொள்வார்.

ஆனால் சூடேறினால் நிற்கும் அந்த நோய் மட்டும் பிடிபடவில்லை. பிளக், காயில், பெட்ரோல் பம்ப் என்று இர்ஃபான் ஒவ்வொன்றாக மாற்றிப் பார்த்தார். கால் மணி நேரம் ஜோராக ஓடும். பிறகு இருமும், குலுங்கும், அணைந்துபோகும். “அண்ணே, இது நம்மள வச்சு விளையாடுது,” என்று இர்ஃபான் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

செபாஸ்டியன் கார்புரேட்டரைக் கழற்றிச் சாப்பாட்டு மேசைக்குக் கொண்டுபோனார். அதன் மூடியைத் திருப்பி, கீழ்ப்பாகத்தோடு ஒட்டும் முகத்தில் ஒரு விரல் நுனியை மெதுவாக இழுத்தார். மறுபடி இழுத்தார். மூன்றாம் முறை அவருடைய குரல் ஏறியது.

“இர்ஃபான்! நடுவுல பள்ளம். ரெண்டு முனையும் மேல நிக்குது!”

இர்ஃபான் இரும்பு ஸ்கேலை அதன்மேல் நிறுத்தி வெளிச்சத்துக்கு எதிரே தூக்கினார். ஸ்கேலுக்கு அடியில் வெளிச்சம் கோடாகத் தெரிந்தது. என்றோ யாரோ திருகாணிகளை அளவுக்கு மீறி முறுக்கியதில் மூடி வளைந்திருக்கிறது. சூடேறியதும் இடைவெளி விரிந்து காற்று உள்ளே போயிருக்கிறது.

“தேய்க்கணும்ணே. நல்ல சமமான கண்ணாடித் தகடு கிடைக்குமா?”

செபாஸ்டியன் நேரே ஐஸ் பெட்டியைத் திறந்தார். மீன் குழம்புச் சட்டியைக் கீழே வைத்தார், முட்டைகளை ஒவ்வொன்றாக வெளியே எடுத்தார், நடுத்தட்டை உருவினார்.

“அடப்பாவி மனுஷா!” என்றார் உர்சுலா. பிறகு அவரே அந்தத் தட்டைத் துடைத்துக் கொடுத்தார். “கீறல் விழாம தேய்ங்க.”

கண்ணாடிமேல் உப்புத்தாளைப் பரப்பி, மூடியைக் கவிழ்த்து, எட்டு போடுவதுபோல் தேய்த்தார்கள். விரல் ‘சரி’ என்று சொல்லும்வரை தேய்த்தார்கள். அன்று மாலை இஞ்சின் போர்ச்சில் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஓடியது. இருமவில்லை. பக்கத்து வீட்டுக்காரர்தான் புகையில் இருமினார்.

அடுத்த ஞாயிறு, போர்ட் கிள்ளானுக்கு வெளியே, உர்சுலாவோடு படித்த வேலாயுதம் லோரிகள் நிறுத்தும் நிலம். அன்று லோரிகள் இல்லை. மழையில் ஊறிய வெட்டவெளி. வண்டியை உர்சுலா ஓட்டி வந்திருந்தார். கூட வந்த இர்ஃபான் ஓரத்திலேயே இறங்கிக்கொண்டார். நடுவில் நிறுத்தியதும் செபாஸ்டியன் சொன்னார்: “இறங்கு. இந்தப் பக்கம் வா.”

உர்சுலாவுக்குப் புரிய ஒரு கணம் பிடித்தது. “வேணாம் செபா. ஓரத்துல காலி கண்டெய்னர் இருக்கு. அந்தப் பக்கம் வாய்க்கால்.”

“நீ இருக்கல்ல, சொல்லு. நான் ஓட்டுறேன்.”

அந்தக் குரலில் கெஞ்சல் இருந்தது. உர்சுலா அதற்குமுன் அதைக் கேட்டதில்லை. இறங்கிச் சுற்றி வந்தார். செபாஸ்டியன் ஸ்டீரிங்குக்குப் பின்னால் நகர்ந்து உட்கார்ந்தார்.

கிளட்ச் பாதத்துக்கு எதிராக முறைத்தது. முதல் கியர் கரகரத்து விழுந்தது. வண்டி நகர்ந்ததும் செபாஸ்டியனின் முதுகுத்தண்டு நிமிர்ந்தது. தரையின் ஒவ்வொரு கல்லும் இருக்கை வழியே அவரிடம் வந்து பெயர் சொல்லிவிட்டுப் போயிற்று. இரண்டாம் கியர். மூன்றாவது. திறந்த ஜன்னலில் காற்று அறைந்தது.

“லெஃப்ட்! லெஃப்ட்! கண்டெய்னர்!”

“உன் லெஃப்டா, என் லெஃப்டா?”

“எல்லாருக்கும் ஒரே லெஃப்ட்தான்யா!”

வண்டி வளைந்தது. தூரத்திலிருந்து இர்ஃபானின் விசில் கேட்டது. திடீரென்று இஞ்சின் குரல் தாழ்ந்தது, பின்பக்கம் வழுக்கியது. உர்சுலா “சேறு” என்று வாயெடுக்கும் முன்பே செபாஸ்டியனின் இடக்கை கியருக்குப் பக்கத்திலிருந்த குட்டைக் குமிழை அழுத்தியிருந்தது. முன்சக்கரங்களுக்கும் உயிர் வந்தது. நான்கும் சேர்ந்து கடித்தன. சேறு கூரைவரை எழும்பி, உர்சுலாவின் பூசைப் புடவையில் விழுந்தது. அவர் கத்தினார். அந்தக் கத்தல் பாதியில் சிரிப்பாக மாறியது. “ஏறிடுச்சு! ஏறிடுச்சுங்க! நேரா போங்க, இன்னும் நேரா, ஒண்ணுமே இல்ல, நேரா!”

செபாஸ்டியன் நேராகப் போனார். நிலம் முடியும் இடத்தில் உர்சுலா சொல்ல, நிறுத்தினார். இஞ்சின் கொதித்துக்கொண்டே சீராக உறுமிக்கொண்டிருந்தது. இர்ஃபான் மூச்சிரைக்க ஓடிவந்து தகட்டில் தட்டித் தட்டி, “அண்ணே! சூப்பர்ணே!” என்றார்.

“போதுமா?” என்று கேட்டார் உர்சுலா, கண்ணைத் துடைத்துக்கொண்டு.

செபாஸ்டியன் இருக்கையை நகர்த்திச் சரியாக உட்கார்ந்தார். கையை உயர்த்தி, முன்கண்ணாடிக்கு மேலே தொங்கிய பின்னோக்குக் கண்ணாடியைத் தடவிப் பிடித்தார். அது உர்சுலாவின் உயரத்துக்குச் சாய்ந்திருந்தது. சட்டை நுனியால் அதைத் துடைத்து, தன் முகத்துக்கு நேராகத் திருப்பி வைத்தார்.