கோடிப் புடவை

ஆரணியில் கோட்டை இருக்கிறது என்று யாராவது சொன்னால் நம்பிக்கொண்டு போய் நிற்காதீர்கள். ஏழாம் வகுப்புக்கு அந்த ஊர்ப் பள்ளிக்கூடத்தில் என்னைக் கொண்டுபோய்ச் சேர்த்தபோது நான் அப்படித்தான் போய் நின்றேன். யானை நுழையும் வாசல், பீரங்கி, குறைந்தது ஒரு சிம்மாசனமாவது இருக்கும் என்று நினைத்திருந்தேன். உள்ளே ஆபீசுகள் இருந்தன. பெரிய மைதானத்தில் ஒருவர் தன் மனைவிக்கு ஸ்கூட்டர் ஓட்டக் கற்றுக்கொடுத்துத் திட்டிக்கொண்டிருந்தார். கோட்டை எங்கே என்று ஜூஸ் கடைக்காரரைக் கேட்டேன். "நீ நிக்கறதே கோட்டைதாம்மா" என்றார். வந்ததற்கு எதையாவது எடுக்கவேண்டுமே என்று, செடி முளைத்த ஒரு பழைய சுவரைப் போட்டோ எடுத்துக்கொண்டு திரும்பினேன்.

போட்டோ அம்மாவுக்காக. ஆரணி அம்மா பிறந்து வளர்ந்த ஊர். கல்யாணமாகிச் சேத்துப்பட்டுப் பக்கத்தில் எங்கள் கிராமத்துக்கு வந்தவள், அந்த வருஷம் உடம்புக்கு முடியாமல் படுத்திருந்தாள். வேலூர் ஆஸ்பத்திரிக்கு மாதாமாதம் போய்வந்தவர்கள், பிறகு போவதை நிறுத்திவிட்டார்கள். நிறுத்திவிட்டதால் அம்மாவுக்குத் தேவலையாகிவிட்டது என்று நான் சந்தோஷப்பட்டேன். டவுனில் படிப்பு நன்றாக இருக்கும் என்று சொல்லி என்னை மாமா வீட்டில் விட்டார்கள். மாமா என்றால் அம்மாவின் கூடப்பிறந்த அண்ணன். வீட்டில் நடக்கப்போவதைப் பிள்ளை பார்க்கவேண்டாம் என்றுதான் என்னை அனுப்பினார்கள் என்பது எனக்கு வெகுநாள் தெரியாது.

அப்பா தன் பழைய போனை எனக்குக் கொடுத்திருந்தார். மூலையில் கண்ணாடி விரிசல் விட்டது, ஆனால் படம் நன்றாக விழும். "நான் நடந்த தெருவெல்லாம் நீ நடந்து எனக்குக் காட்டு" என்று அம்மா கேட்டிருந்தாள். பள்ளி விட்டதும் பையை முதுகில் போட்டபடியே அலைவேன். கோயில் கோபுரம், தேர் நிறுத்தும் இடம், தண்ணீர் இல்லாத ஆற்றின் மேல் போகிற பாலம், ஓட்டை விழுந்த ஒரு பழைய மாடிவீடு என்று எடுத்து அனுப்புவேன். அம்மா பேசிப் பதிவுசெய்து பதில் அனுப்புவாள். முதலில் எல்லாம் ஒவ்வொரு படத்துக்கும் ஒரு கதையே வரும். அந்த மாடிவீட்டின் மேல் பட்டம் மாட்டிக்கொண்டது, எடுத்துத் தர மாமா ஏறியது, இறங்கத் தெரியாமல் மேலேயே உட்கார்ந்து அழுதது. போகப் போகப் பதில் சுருங்கியது. "பாத்தேன்", "நல்லா இருக்குது" என்று வரும், நடுவில் மூச்சு வாங்கும். வெயிலில் நான் அலைந்து எடுக்கிறேன், இவளுக்கு நாலு வார்த்தை பேச முடியவில்லையா என்று எனக்குக் கோபமாக வரும். வாய்விட்டே ஒரு நாள் கேட்டேன். அதற்குத்தான் அம்மா சொன்னாள்:

"உன் போட்டோவுல ஆளே இல்லையேடி. செவுத்தையே எடுத்துகினு வர்ற. செவுரு எங்க போயிடும்? மனுசங்களை எடு."

அதிலிருந்து மனிதர்களை எடுக்க ஆரம்பித்தேன். பூக்கார அக்கா, பஸ்ஸுக்குக் காத்திருந்த கல்யாணக்கூட்டம், கடைசியில் மாமா.

மாமா பட்டு வியாபாரி. பக்கத்து ஊரான முள்ளிப்பட்டில் தறி போட்ட வீடுகளுக்குப் பட்டும் ஜரிகையும் கொடுத்து, நெய்த புடவைகளை வாங்கிவந்து கடைகளுக்குப் போடுவார். வீட்டில் எந்நேரமும் புடவை கிடக்கும், யாரும் திரும்பிப் பார்க்கமாட்டோம். ஆனால் அன்று சாயங்காலம் மாமா ஒரே ஒரு புடவையைத் தனியாகத் துண்டில் சுற்றிக் கொண்டுவந்தார். கூடத்தில் நான் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தேன். உள்ளறையில் அத்தையின் குரல் உயர்ந்தது.

"யாரைக் கேட்டு எடுத்துகினு வந்தீங்க? கோடியை இப்பவே கொண்டாந்து யாராவது வீட்ல வெப்பாங்களா?"

"அன்னிக்கு ஜல்தியா ஓடி, கடையில தொங்கறத எடுத்துகினு போகச் சொல்றியா? ஊருக்கெல்லாம் பட்டு போடறேன். எங்க பாப்பாவுக்குத் தொங்கறதா?"

பாப்பா என்றால் அம்மா. நாற்பது வயசுத் தங்கையை மாமா அப்படித்தான் கூப்பிடுவார். அன்றைக்கு என்றால் தீபாவளிக்கு என்று நானே முடிவுகட்டினேன். கோடியைத்தான் நம்பமுடியவில்லை. அந்த வாரம்தான் கணக்கில் லட்சத்துக்கு அப்புறம் கோடி நடத்தியிருந்தார்கள். ஒன்று போட்டு ஏழு பூஜ்யம். அத்தை திட்டாமல் என்ன செய்வாள்?

அத்தை கோபமாகப் பின்கட்டுக்குப் போனதும் எட்டிப் பார்த்தேன். மாமா கட்டிலில் உட்கார்ந்திருந்தார். மடியில் மயில்கழுத்து நிறத்தில் புடவை, அரக்குக் கரை. அதன்மேல் கைவைத்துச் சும்மா இருந்தார். நான் எடுத்தது அவருக்குத் தெரியவில்லை. படத்தை அனுப்பி, கூடவே பேசியும் அனுப்பினேன்: "அம்மா, மாமா உனக்குக் கோடிப் புடவை வாங்கியிருக்காங்க. அத்தை திட்டினாங்க. ஆனா மாமா உனக்குதான்னு சொல்லிட்டாங்க."

கண்மூடிய பெண்ணுக்குப் பிறந்த வீட்டார் கொண்டுபோய்ப் போர்த்துகிற புதுப்புடவைக்கும் கோடி என்றுதான் பெயர். எங்கள் வீட்டில் பிள்ளைகளை வைத்துக்கொண்டு சாவுப்பேச்சு பேசமாட்டார்கள். யாராவது ஒரு தடவை பேசித் தொலைத்திருக்கலாம்.

அன்று அம்மாவிடமிருந்து பதில் வரவில்லை. படத்தில் அவள் புடவையைப் பார்த்தாளா, அண்ணன் முகத்தைப் பார்த்தாளா, எனக்குத் தெரியாது. மறுநாள் காலையில்தான் வந்தது. "கலர் நல்லா இருக்குது. அதை எடுத்துகினு மாமாவை வரச் சொல்லு. நீயும் வா."

மாமா சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது நல்ல சேதி சொல்கிறவள்போல் போய்ச் சொன்னேன். இட்லியில் வைத்த கை அப்படியே நின்றது.

"போட்டோ அனுப்புனியா?"

"ஆமா மாமா."

"கோடின்னு சொன்னியா?"

"ஆமா மாமா."

மாமா எழுந்துபோய்க் கை கழுவினார். கழுவிய கையையே வெகுநேரம் கழுவிக்கொண்டிருந்தார். அத்தை அடுப்பை அணைத்துவிட்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். இரண்டு பேரும் என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை.

மூன்று பேரும் பஸ்ஸில் போனோம். மாமா மடியிலிருந்து பையை இறக்கவே இல்லை. அவ்வளவு விலை போட்டதை எப்படி இறக்குவார் என்று நினைத்துக்கொண்டேன்.

பஸ்ஸிலிருந்து இறங்கியதும் அம்மாவிடம் ஓடினேன். தேறியிருப்பாள் என்று பார்த்தால் கட்டிலில் பாதிதான் இருந்தாள். மாமா கட்டிலண்டை போய்ப் பையைக் கையிலேயே பிடித்துக்கொண்டு நின்றார்.

"எவ்ளோ நேரம் புடிச்சிகினு நிப்ப? குடு."

"தெரியாம பண்ணிட்டேன் பாப்பா."

"தெரிஞ்சிதான் வாங்கியிருக்க. எனக்குப் புடிச்ச கலரு" என்றாள் அம்மா. பிறகு அத்தையைப் பார்த்து, "அண்ணி, கட்டி வுடுங்க" என்றாள்.

அத்தை பின்வாங்கினாள். "வேணாம்மா. இதைப் போயி கட்டுவாங்களா?"

"எனக்குன்னு எடுத்ததுதான? நான் கண்ணால பாத்துக் கட்டிக்கக் கூடாதா?"

அப்பா எழுந்து வெளியே போய்விட்டார். அத்தை அழுதுகொண்டே கட்டிவிட்டாள். அவ்வளவு கனமான பட்டு அம்மாவின் தோளில் நிற்காமல் சரிந்தது. அத்தை ஊக்குக் குத்தினாள், பொட்டு வைத்தாள். அம்மா சுவரில் சாய்ந்து நிமிர்ந்து உட்கார்ந்து என்னைக் கூப்பிட்டாள்.

"ஊரையெல்லாம் எடுத்தியே. என்னை எடுடி."

நான் தள்ளி நின்று முழுசாக வரும்படி போனைப் பிடித்தேன். கிட்டே வரச் சொன்னாள். தலையணை தெரியக்கூடாதாம், மருந்து டப்பா தெரியக்கூடாதாம், மார்புக்கு மேலே இருந்தால் போதுமாம். "புடவை பாதிதாம்மா தெரியும்" என்றேன். "மூஞ்சி தெரியட்டும்" என்றாள்.

பிறகு என் தலைக்கு மேலாக மாமாவைப் பார்த்து மெதுவாகச் சொன்னாள்: "கட்டிட்டேன் பாரு. இனிமே இது கோடி இல்ல."

எனக்குப் பகீரென்றது. "கட்டிட்டா வெலை கொறைஞ்சிடுமாம்மா?"

அம்மா சிரித்துவிட்டாள். பல மாதமாக நான் பார்க்காத சிரிப்பு. மாமா சிரித்தார், உடனே முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டார். என் விரல் அந்த நேரத்தில் போனில் பட்டுவிட்டது.

தை பிறக்கும் முன்பே அம்மா போய்விட்டாள். கட்டிய புடவை கோடி ஆகாது என்பதால், அன்று மாமா சேத்துப்பட்டில் ஓடி, கடையில் தொங்கிய ஒரு நூல் புடவையை எடுத்துவந்து போர்த்தினார். மயில்கழுத்துப் புடவை இப்போது என் பீரோவில் இருக்கிறது. படத்தைப் பெரிதாக்கிக் கூடத்தில் மாட்டியிருக்கிறோம். மாலை போட்ட படத்தில் யாரும் இப்படிச் சிரித்துப் பார்த்ததில்லை என்று வருகிறவர்கள் சொல்வார்கள்.

எனக்கு அன்று அந்தப் படம் பிடிக்கவில்லை. சிரித்ததில் அம்மாவின் கண் இடுங்கிப் போயிருந்தது. "சிரிக்காம இரும்மா, நல்லா இன்னொண்ணு எடுக்கறேன்" என்று போனைத் தூக்கினேன்.

"வேணாண்டி" என்றாள் அம்மா. "இதுவே போதும்."

எதற்குப் போதும் என்று நான் கேட்கவில்லை.